டைல்ஸ் ஒட்டும் முன் வாசலடித் தரையைச் சரிசெய்வோம்



நிக்காஹ், பெருநாள் நெருங்கும்போது நம் வீடுகள் பலவற்றில் பழைய சிமெண்ட் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை தொடங்குகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நல்ல டைல்ஸ் வாங்கிவிடுகிறோம். அடித்தரையைப் பார்க்கத்தான் நேரம் ஒதுக்குவதில்லை. இரண்டு அறைகளின் தரையும் வந்து சேரும் இடம் வாசலடி. மேடு பள்ளம் அங்கே அதிகம், நடமாட்டமும் அதிகம். அடியில் வெற்றிடம் இருந்தால் டைல் உடையும். சிறிய ஏற்றம் இருந்தாலும் வயதான உம்மாவோ வாப்பாவோ இரவில் தடுக்கி விழக்கூடும்.

முதலில் அளந்து பாருங்கள்

2 மீட்டர் நேரான அலுமினியப் பட்டியை இரண்டு அறைகளிலும் படும்படி வாசலில் வையுங்கள். பட்டிக்குக் கீழே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் தரையைச் சரிசெய்த பிறகே ஒட்ட வேண்டும். மேட்டையும் பள்ளத்தையும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தியல் பிடியால் தட்டும்போது வெற்றுச் சத்தம் வந்தால் அந்தப் பூச்சு பிடிப்பு விட்டிருக்கிறது, பெயர்த்து எடுத்துவிடுங்கள்.

கதவுக் கணக்கு

டைல் 10 மி.மீ., ஒட்டும் பசை 5 மி.மீ. என்றால் தரை 15 மி.மீ. உயரும். கதவு உரசாமல் திறக்க இன்னும் 5 மி.மீ. வேண்டும், ஆக 20 மி.மீ. கதவுக்குக் கீழே இப்போது 10 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது என்றால், தரையைக் கொத்த வேண்டும் அல்லது கதவின் அடியை 10 மி.மீ. அறுக்க வேண்டும். இதை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மேடும் பள்ளமும்

பள்ளத்துக்காகத் தரை முழுவதையும் உயர்த்துவதைவிட மேட்டைக் கொத்துவது நல்லது. தரைக்குள் வயரோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தூசி நெஞ்சுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து கொத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பள்ளத்தின் ஓரத்தை நேராக வெட்டி, சுமார் 20 மி.மீ. ஆழமாவது இருக்கும்படி செய்யுங்கள். ஓரத்தில் மெலிதாகத் தடவிய சிமெண்ட் கலவை சீக்கிரம் பெயர்ந்துவிடும். எண்ணெய், பெயின்ட், தூசியை நீக்கி, தரையை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். சிமெண்ட் பால் பூசி, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல் கலந்த கலவையால் நிரப்பி மட்டம் பாருங்கள். ஈரச்சாக்குப் போட்டு 7 நாள் காத்து, பிறகு நன்றாக உலரவிடுங்கள். நாள் நெருங்கிவிட்டது என்று இந்த ஒரு வாரத்தைக் குறைக்காதீர்கள்.

குளியலறை, ஒளு செய்யும் இடத்தின் வாசலில் மட்டும் உள்தரை சற்றுத் தாழ்ந்து, தண்ணீர் வெளியேறும் குழியை நோக்கிச் சரிய வேண்டும்.

மேஸ்திரியிடம் பேசும்போது

சதுர அடிக் கூலியில் தரை சரிசெய்யும் வேலையும் சேருமா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். வாசலடி டைலுக்கு நான்கைந்து இடத்தில் உருண்டையாகப் பசை வைக்காமல், அடிப்பக்கம் முழுவதும் பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாளாவது யாரும் மிதிக்காமல், குறுக்கே ஒரு கட்டையை வைத்து மறித்துவிடுங்கள்.