கைக்குள் எழுத்து – 14: ஊதாப் பெட்டிக்குள் ஓர் ஓம்

கொழும்பில் இன்று ஒரு மரண அறிவித்தல் கைப்பேசியில்தான் பிறக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஒழுங்கையில், அல்லது கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம், வீட்டில் ஒருவர் அதை எழுதத் தொடங்குகிறார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி பெயர்களைச் சரிபார்க்கிறார். இலண்டனில் இருக்கும் மருமகள் பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் சேர்க்கிறார். கொஞ்ச நேரத்தில் அது எல்லாக் குடும்பக் குழுக்களுக்கும் போய்விடுகிறது. அதே வாசகம் அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் போகிறது. இத்தனை கை மாறியும் எழுத்துகள் பெரும்பாலும் சேதமில்லாமல் போய்ச் சேருகின்றன. குலைந்து போவது உச்சியில் இருக்கும் குறிதான்.

சைவ வீடுகளில் மேலே ‘உ’ போட்டு, அதன் கீழ் ‘சிவமயம்’ என்று எழுதுவது வழக்கம். ‘உ’ சாதாரண எழுத்து என்பதால் எந்தக் கருவியிலும் அதற்குக் கேடில்லை. ஓம் போடுபவர்களுக்கும், சிலுவை போடும் கத்தோலிக்க வீடுகளுக்கும்தான் சிக்கல். எழுதியவர் தம் திரையில் கறுப்பாகக் கண்ட சிலுவை, வாங்கியவரின் திரையில் ஊதாச் சதுரத்துக்குள் வெள்ளைச் சிலுவையாக நிற்கிறது. ஓமும் அப்படியே ஊதாச் சதுரத்துக்குள் போய்விடுகிறது. போதாததற்கு அது தேவநாகரி வடிவ ஓம். துக்கச் செய்தியின் தலையில், அழுத்தச் சொல்லும் பொத்தானைப் போல அது உட்கார்ந்திருப்பது பார்ப்பவர் மனதை நோகடிக்கிறது. வாசகர்கள் பலர் இதைக் கேட்டிருந்ததால் இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் ஒருவருக்குக் குறியை அனுப்பும்போது படம் எதுவும் போவதில்லை. ஓர் எண் போகிறது. அந்த எண்ணுக்கு என்ன உருவம் என்பதை வாங்குபவரின் கருவியிலுள்ள எழுத்துருதான் தீர்மானிக்கிறது. கைத்துப்பாக்கிக் குறியை அப்பிள் நிறுவனம் 2016இல் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றி வரைந்தது. கூகுளும் மைக்ரோசொப்ட்டும் 2018இல்தான் அந்த வழிக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஐபோனில் விளையாட்டாக அனுப்பப்பட்ட தண்ணீர்த் துப்பாக்கி, மற்றக் கைப்பேசிகளில் உண்மைத் துப்பாக்கியாகப் போய் இறங்கியது. அனுப்பியவரும் பெற்றவரும் வெவ்வேறு படங்களைப் பார்த்தார்கள். எண் மட்டும் ஒன்றே.

சிலுவைக்கும் ஓமுக்கும் வருவோம். அந்தச் சிலுவைக்கு இமோஜியைவிட வயது அதிகம். ஜெர்மனியின் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃப் 1978இல் வெளியிட்ட அச்சு அலங்காரக் குறிகளின் தொகுப்பு, எழுத்துகளுக்கு உலகப் பொது எண் கொடுக்கும் யுனிகோட்டுக்குள் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, இந்தச் சிலுவையும் கறுப்பு வெள்ளை அச்சுக் குறியாக உள்ளே வந்தது. இமோஜி பரவிய பிறகு இதுபோன்ற பழைய குறிகள் பலவற்றுக்கு இரட்டை வாழ்க்கை வந்தது: எழுத்தாகவும் தோன்றலாம், வண்ணப் படமாகவும் தோன்றலாம். எது வேண்டும் என்று சொல்லக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் உண்டு. சிலுவைக்குப் பின்னால் ஒன்றை வைத்தால் ‘எழுத்தாகக் காட்டு’ என்று பொருள். மற்றதை வைத்தால் ‘படமாகக் காட்டு’. கைப்பேசியின் இமோஜிப் பலகையிலிருந்து சிலுவையைத் தொட்டால் இரண்டாவது குறி ஒட்டிக்கொண்டே வரும். ஊதாப் பெட்டி வரும் வழி அதுதான்.

ஓமின் கதை வேறு. யுனிகோட்டில் தேவநாகரி ஓமுக்கு எழுத்தென்று ஓர் எண் இருக்கிறது. 2014இல் வந்த 7.0 பதிப்பில் ஓம் ஒரு சமயக் குறியாக, பின்னர் இமோஜியாகப் பயன்படும் வகையில், இன்னோர் எண்ணைப் பெற்றது. அதன் வடிவமும் தேவநாகரியே. தமிழ் ஓமாகிய ௐ இவை இரண்டுக்கும் வெளியே, தமிழ் எழுத்துகளின் நடுவில் இருக்கிறது. 2008இல் வெளியான 5.1 பதிப்பில் அது சேர்ந்தது. அந்த ஓம் இமோஜிக்கு ஆறு ஆண்டு மூத்தது. ஆனால் இமோஜிப் பலகையில் ‘ஓம்’ என்று தேடுபவருக்குக் கிடைப்பது ஊதாப் பெட்டிக்காரர் மட்டும். கோயில் வாசலில் தினம் பார்க்கும் வடிவம் நம் கைக்குள்ளேயே இருந்தும், அது இருப்பது தெரியாததால் நாம் அடுத்த வீட்டு வடிவத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அச்சகப் பக்கம் வந்தால் நோய் இன்னும் பழையது. கொழும்பின் சிறு அச்சகங்கள் பலவற்றில் வேலை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் நடக்கிறது. பாமினி பல ஆண்டுகள் ஈழத்தமிழ் அச்சைச் சுமந்த எழுத்துரு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அதன் உள்ளே தமிழ் இல்லை. ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், கணினியின் கணக்கில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் அந்த ஐந்தும்தான் பல்லைக் காட்டும். கைப்பேசியில் நாம் எழுதுவதோ யுனிகோட். ஆகவே அச்சகத்தில் உங்கள் வாசகத்தை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டுப் பாமினியாக்கி, பேஜ்மேக்கரில் ஒட்டுகிறார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு 2001இல் வந்தது. அது யுனிகோட் அறியாது. ஓம், சிலுவை, இமோஜி எதுவானாலும் அந்த வாசலில் விழுந்துவிடும். சில வேளை கேள்விக்குறியாகும், சில வேளை சுவடே இல்லாமல் போகும். தட்டச்சு செய்பவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் கண்ணுக்கு அந்தக் குறி வந்து சேரவே இல்லை.

இமோஜிக்கும் இதே நோய் இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1999 பெப்ரவரியில் ஜப்பானின் டொக்கோமோ நிறுவனம் கைப்பேசி இணையச் சேவையைத் தொடங்கியது. அதற்காக ஷிகெடாகா குரிடா உருவாக்கிய 176 சிறு படங்கள், 12க்கு 12 புள்ளிக் கட்டங்களில் வரையப்பட்டவை. மற்றக் கைப்பேசி நிறுவனங்கள் தத்தம் படங்களுக்குத் தத்தம் எண்களை வைத்தன. ஒரு நிறுவனத்தின் கைப்பேசியிலிருந்து புறப்பட்ட இதயம் இன்னொன்றில் வேறெதுவாகவோ போய்ச் சேர்ந்தது. அதே பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் என்று சிதறிக்கிடந்த கணினித் தமிழை எப்படி ஒன்றாக்குவது என்று பேசியது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உலகுக்கெல்லாம் பொதுவான ஓர் எண். தமிழுக்கு அது யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே, 1991இல், கிடைத்தது. இமோஜிக்கு 2010 வரை பொறுக்க வேண்டியிருந்தது. முந்திக் கிடைத்தவர்கள் நாம். பிந்திக் கிடைத்தவர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்தினார்கள்.

இலங்கையிலும் நியமம் இல்லாமல் இல்லை. தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமம் 2008இல் வெளியானது; ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பெற்றது. நியமம் வந்த பின்னரும் பாமினி போகவில்லை என்பதுதான் நிலைமை.

தலைப்புக் குறியைத் தாண்டினால் பெயரில் ஒரு கண்ணி காத்திருக்கிறது: ஸ்ரீ. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஸ்ரீரஞ்சினி என்று நம்மிடையே எத்தனை பெயர்கள்! இந்த ஒரே உருவத்தை இரண்டு விதமாக எழுதலாம். வழக்கமான ஸ-வில் தொடங்கி எழுதுவது ஒன்று. 2005இல் யுனிகோட் 4.1இல் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்குவது மற்றொன்று. முறைப்படி இரண்டாவதே சரியென்று யுனிகோட் சொல்கிறது. புழக்கத்தில் முதலாவது நிரம்பிக் கிடக்கிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் பெயர்ப் பட்டியலில் ஒரு விதமாகப் பதிந்த ஸ்ரீதரனை மற்ற விதமாக அடித்துத் தேடினால் பல மென்பொருள்களில் அவர் அகப்படமாட்டார். பாடசாலை, வங்கி, கோயில் உபயகாரர் பட்டியல் எதுவாயினும், தமிழில் பெயர் பதிபவர்கள் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும். ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயர் கிடைக்கவில்லை என்றால் மீதிப் பெயரை மட்டும் அடித்துத் தேடிப் பாருங்கள்.

சிங்கள ஸ்ரீயின் அமைப்பு வேறு. அதன் இரு மெய்களைச் சேர்த்துக் கட்டக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்று நடுவே வேண்டும். அதைக் கழற்றினால் ஸ்ரீ இரண்டாக உடைந்து நிற்கும். அப்பா, அம்மா, மகள் சேர்ந்து நிற்கும் குடும்ப இமோஜியை ஒட்டிவைப்பதும் எண்ணளவில் அதே இணைப்பான்தான். அது அறியாத பழைய கைப்பேசியில் குடும்பம் மூன்று தனி முகங்களாகப் பிரிந்துவிடும். இந்த ஸ்ரீயை நம் ஊரில் வெறும் எழுத்தாகப் பேசிவிட்டுப் போக முடியாது. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ கட்டாயமானது. 1958 வசந்தத்தில் வடக்கே ஓடிய பஸ்களின் ஸ்ரீமீது தார் பூசப்பட்டது. கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9இல், அரசும் தமிழ்த் தலைமையும் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரத்தில் இரத்தம் சிந்தியது. ஓர் எழுத்து யாருடைய தகட்டில், யாருடைய சம்மதத்தோடு ஏறுகிறது என்பது பெரிய விஷயம் என்று இந்த நகரத்துக்குத் தெரியும்.

தேசியக் கொடியின் இமோஜியும் இப்படி ஒட்டுப்போட்டதே. இலங்கையின் நாட்டுக் குறியீடான எல், கே என்ற இரு எழுத்துக் குறிகள் அடுத்தடுத்து வந்தால் கைப்பேசி சிங்கக் கொடியை வரைகிறது. விண்டோஸ் நாட்டுக் கொடிகளை வரைவதில்லை. ஆகவே பெப்ரவரி 4இல் கைப்பேசியிலிருந்து போகும் கொடி, அலுவலகக் கணினியில் பெரும்பாலும் வெறும் இரண்டு ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கருவி பழுதாகவில்லை.

எனக்கு உண்மையில் ஆதங்கம் தருவது வேறொன்று. 2019 மார்ச்சில் வெளியான யுனிகோட் 12.0இல் கோயில், ஓட்டோ, அகல்விளக்கு, சேலை நான்கும் இமோஜியாக வந்தன. அதே பதிப்பில், அதே நாளில், பழந்தமிழ்ப் பின்னங்களும் கணக்குக் குறிகளுமாக 51 தமிழ்க் குறிகளுக்கும் எண் கிடைத்தது. முந்திரியும் மாகாணியும் அவற்றில் உண்டு. கோயிலும் ஓட்டோவும் அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய கைப்பேசிகளில் ஏறிவிட்டன. ஆடிவேல் நாளில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும் செய்தியோடு அந்தக் கோயில் குறியும் பறக்கிறது. நம் பின்னக் குறிகளோ பல கருவிகளில் இன்றைக்கும் வெற்றுக் கட்டமாகத்தான் தெரிகின்றன. எண் கொடுப்பது யுனிகோட் குழுவின் வேலை. உருவம் வரைந்து எழுத்துருவில் சேர்ப்பது நிறுவனத்தின் வேலை. கேட்பவர் இருந்தால்தான் அது நடக்கும். செட்டியார் தெருக் கணக்கேடுகளின் உலகத்தைச் சேர்ந்த பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபா ௹ ஆகியவற்றுக்கு 2003இலேயே எண் உண்டு. இவை இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் ஒழுங்காகத் தெரிகின்றன. பயன்படுத்துவதற்குத்தான் ஆள் குறைவு.

கணினியில் மைக்ரோசொப்ட் வேர்ட்டில் 0, பி, டி, 0 என்று ஆங்கிலத்தில் அடித்து, ஆல்ட் விசையைப் பிடித்தபடி எக்ஸை அழுத்துங்கள், ௐ வரும். 0, பி, எஃப், 9 அடித்தால் ௹. சிலுவைக்கு 2, 7, 1, டி; இது இமோஜிப் பலகை வழியாக வராததால் பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கும். ஐபோனில் அமைப்புகளுக்குள் விசைப்பலகைப் பகுதியில் சொல் மாற்று வசதி இருக்கிறது. அன்ட்ராய்டில் கூகுள் விசைப்பலகையின் தனிப்பட்ட அகராதி அதே வேலையைச் செய்யும். ௐ என்ற எழுத்தை இந்தப் பக்கத்தின் மின்பதிப்பிலிருந்து படியெடுத்து அங்கே வைத்து, ‘ஓம்ஓம்’ போன்ற ஏதாவது ஒரு சுருக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். பிறகு அந்தச் சுருக்கத்தை அடித்தாலே போதும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது யுனிகோட் வாசகத்தோடு திரைப்பிடிப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். என்ன குறி, எந்த வடிவம் என்று தட்டச்சு செய்பவர் கண்ணால் பார்த்து அறிய அது ஒன்றே வழி. அச்சுப்படி கையில் வந்ததும் தலைப்புக் குறியையும், ஸ்ரீ வரும் பெயர் ஒவ்வொன்றையும் பார்த்த பின்னரே சம்மதம் சொல்லுங்கள். இறந்தவரின் பெயருக்கு மேலே இருக்க வேண்டிய குறி சரியாக இருக்கட்டும்.