முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் தலைமுறையுரிமையும்

முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய் குடும்பவழி தொடர்வதுண்டு. சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளின் இரட்டையரை ஆராய்ந்து 2000இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நோயபாய வேறுபாட்டின் 42 வீதத்தைத் தலைமுறையுரிமையோடு தொடர்புறுத்திற்று. இவ்வெண் தனிமனிதனொருவனின் தலையெழுத்தன்று. குறித்த சூழலில் வாழுங் குடித்தொகைக்கே பொருந்துவது. இதனை மறப்போர் விஞ்ஞானத்தின் பெயரால் பழைய ஊழ்க்கொள்கையையே மீட்டுரைக்கின்றனர் என்பது நமது கருத்து.

மரபுரிமை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களுள் அழற்சி பற்றியதை நாம் இங்கு நோக்குவோம். அழற்சிக்கும் புற்றுநோய்க்குமுள்ள உறவை 1863இலேயே றுடோல்வ் வீர்கோ சுட்டினார். (1848இல் மேல் சிலேசியாவின் கொள்ளைநோய்க்கு வறுமையையும் ஆட்சிமுறையையும் காரணங்காட்டியவரும் அவரே.) சுரப்பியில் அழற்சி நீடிக்குமாயின், வெண்குருதிக் கலங்கள் வெளிவிடும் ஒட்சியேற்றும் பொருள்கள் அயற்கலங்களின் டீ.என்.ஏ.யைச் சிதைக்கும், இழப்பை ஈடுசெய்யக் கலங்கள் விரைந்து பிரிகையில் அப்பிழைகள் நிலைத்துவிடக்கூடும். வைரசை எதிர்க்கும் ஆர்.என்.ஏ.எஸ்.ஈ.எல் எனும் பரம்பரையலகின் விகாரங்கள் சில நோய்க்குடும்பங்களில் 2002இல் கண்டறியப்பட்டமை இவ்விளக்கத்துக்கு வலுவூட்டிற்று. ஆயின் பிந்திய ஆய்வுகள் யாவும் அதனை உறுதிசெய்யவில்லை. 2006இல் எட்டாம் நிறமூர்த்தத்திற் கண்ட மாறல்கள் பன்முறை உறுதிப்பட்டன. அவை அமைந்திருப்பதோ நிர்ப்பீடனத்துக்குரிய பரம்பரையலகுகளில் அன்று.

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் இந்நோயால் இறக்கும் வீதம் வெள்ளையரினதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. இதற்கு இரத்தத்தையே காரணமாக்குதல் எளிது. எட்டாம் நிறமூர்த்த மாறல்கள் சில அவர்களிடையே மிகுதியென்பதும் உண்மையே. ஆயின் நோய்ப்படும் வாய்ப்பு வேறு, நோயால் மாளும் வாய்ப்பு வேறு. முன்னாட் படைவீரர் மருத்துவமனைகளிற்போலச் சிகிச்சை சமமாகக் கிட்டியவிடத்து, நோயுற்ற இருசாராரிடையும் இந்நோயால் மாள்வோர் வீதம் ஏறத்தாழ ஒத்திருந்தமையை 2019இல் வெளியான ஆய்வு காட்டிற்று.