வேட்டைக் காவலருக்கு இனாம்

இனாம் கொடுப்பது எளிது. முறையறிந்து கொடுப்பது அரிது. ஓட்டலில் பரிமாறியவருக்கும், ரயிலடியில் மூட்டை தூக்கியவருக்கும், தீபாவளியன்று தபால்காரருக்கும் நாம் ஏதோ கொடுத்துத்தான் வருகிறோம். ஆயினும் எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்னும் கேள்விகளுக்கு நம்மில் ஒருவருக்கும் நிச்சயமான விடை தெரியாது. இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுதாச் சட்டம் ஒன்றை வகுத்து, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஓரிடம் உண்டு. அது பிரிட்டனில் நடைபெறும் பறவை வேட்டை நாள். விலங்கியல் மாணவனாகிய நான் அந்தப் பறவைகளைப் பற்றிப் படிக்கப் போனேன். அவற்றை வளர்ப்பவரைப் பற்றியும் படிக்கலானேன். அதில் நம் விடுதி வாழ்க்கைக்கும் பொருந்தும் செய்தி ஒன்று இருப்பதால் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வேட்டை என்றதும், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டில் அலைபவர் ஒருவர் நம் மனக்கண்ணில் தோன்றுவார். இது வேறு வகை. இங்கே வேட்டைக்காரர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்; பறவைதான் அவர் தலைக்கு மேலே வருகிறது. எட்டு அல்லது ஒன்பது பேர், எண்ணிட்டு நட்ட முளைகளின் அருகே இடைவெளி விட்டு வரிசையாக நிற்பார்கள். யாருக்கு எந்த முளை என்பது காலையில் சீட்டுப் போட்டு முடிவாகும். எதிரே உள்ள தோப்பின் மறுபுறத்திலிருந்து, கையில் கழியும் கொடியுமாக ஆட்கள் வரிசை கட்டிப் புதரைத் தட்டிக்கொண்டு வருவார்கள். கலைந்த பறவைகள் எழுந்து பறக்கும்போது சுடுவார்கள். ஒரு நாளில் நாலைந்து முறை இப்படி நடக்கும். ஒவ்வொரு முறையும் நிற்கும் முளை மாறும். நல்ல இடம் ஒருவருக்கே வாய்த்துவிடக் கூடாதல்லவா? விழுந்த பறவைகளைத் தேடி எடுக்க, நாய்களுடன் சிலர் பின்னால் காத்திருப்பார்கள்.

பெரும்பாலும் சுடப்படுவது ஃபெசன்ட் என்னும் பறவை. நம் காட்டுக்கோழியும் மயிலும் சேர்ந்த குடும்பத்தையே சேர்ந்தது. ஆசியாவிலிருந்து முற்காலத்தில் அங்கே கொண்டுபோகப்பட்டது. கௌதாரியையும், மேட்டுநிலங்களில் வாழும் கிரௌஸ் என்னும் பறவையையும் சுடுவதுண்டு. எல்லாவற்றுக்கும் காலவரையறை உண்டு. இங்கிலாந்தில் ஃபெசன்டுக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. கிரௌஸுக்கு ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. ஞாயிற்றுக்கிழமையிலும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடலாகாது என்பது 1831-ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவரே கேம்கீப்பர், அதாவது வேட்டைக் காவலர். வேட்டை ஒரு நாள் கூத்து. அவருக்கோ ஆண்டு முழுதும் வேலை. வசந்த காலத்தில் முட்டைகளைச் சேர்த்துப் பொரிக்க வைக்க வேண்டும். ஏறத்தாழ 24 நாட்களில் குஞ்சு வெளிவரும். முட்டைக்குப் பதிலாகக் குஞ்சுகளையே விலைக்கு வாங்குவோரும் உண்டு. வெதுவெதுப்பான கூண்டில் வளர்த்து, ஆறேழு வாரம் ஆனதும் தோப்புக்குள் வேலியிட்ட பெரிய அடைப்பில் விட வேண்டும். நரி ஒரு பக்கம், காகம் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். இவற்றுக்குத் தப்பிய குஞ்சு வேலி தாண்டிப் பறக்கக் கற்றதும் அடுத்த பண்ணைக்குப் போய்விடாதபடி, நாள் தவறாமல் கோதுமை இறைத்துப் பழக்க வேண்டும். காற்று எத்திசையில் அடித்தால் எந்தத் தோப்பிலிருந்து பறவை எப்படி எழும் என்பது அவருக்கு மனப்பாடம். வேட்டை நாளில் கலைக்கும் ஆட்களை நடத்துபவரும் அவரே. சம்பளத்தோடு, பெரும்பாலும் குடியிருக்க ஒரு வீடும் உடுக்கக் கம்பளி உடுப்பும் பண்ணையிலிருந்து கிடைக்கும். வேலை போனால் வீடும் போகும்.

இனி இனாமுக்கு வருவோம். கடைசி முறை சுட்டு முடிந்ததும், தலைமைக் காவலர் வேட்டைக்காரர்களிடம் வந்து, ஆளுக்கு ஒரு ஜோடிப் பறவை அளிப்பார். பெற்றுக்கொள்பவர் அவருடைய கையைக் குலுக்கி, அன்றைய நாளுக்கு நன்றி சொல்வார். அந்தக் குலுக்கலில், சிறிதாக மடித்த நோட்டு ஒன்று ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்விடும். கொடுத்தவர் அதைக் காட்டுவதில்லை. வாங்கியவர் அங்கேயே எண்ணுவதில்லை. நோட்டை மடித்துக் காலையிலேயே சட்டைப் பையில் வைத்துக்கொள்வது வழக்கம். மாலையில் பர்ஸைத் திறந்து துழாவுவது அழகாகாது. செக் கொடுப்பதும் முறையல்ல.

விருந்தாளியாக அழைக்கப்பட்டவரும் இதற்கு விலக்கல்ல. சோறும் வேட்டையும் அழைத்தவர் செலவு. காவலருக்கு இனாம் வந்தவர் கடமை. எவ்வளவு என்று தெரியாவிட்டால், அழைத்தவரிடமோ பழகிய ஒருவரிடமோ காலையில் தனியே கேட்டுக்கொள்ளலாம்; அதில் வெட்கமில்லை. துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பித் தரும் உதவியாளர் இருந்தால் அவருக்குத் தனியே கொடுக்க வேண்டும். புதர் கலைக்கும் ஆட்களுக்குப் பண்ணையே தினக்கூலி கொடுப்பதால், வேட்டைக்காரர்கள் பொதுவாக அவர்களுக்குக் கொடுப்பதில்லை. தலைமைக் காவலர் தமக்குக் கிடைத்ததைத் துணைக் காவலர்களோடு பங்கிட்டுக்கொள்வது மரபு. இனாமும் வருமானமே என்று அந்நாட்டு வரிச் சட்டம் கருதுகிறது.

தொகை? அதற்கும் ஒரு வாய்பாடு சொல்வார்கள். இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், அன்று மொத்தம் விழுந்த முதல் நூறு பறவைகளுக்கு ஆளுக்கு 20 முதல் 40 பவுண்டு, அதற்குமேல் ஒவ்வொரு நூற்றுக்கும் ஒரு 10 பவுண்டு என்பது போன்ற கணக்கு அடிக்கடி காதில் விழுவது. இதனோடு இன்னொரு விதியும் உண்டு: தன் குறி தவறியது என்பதற்காகவோ, மூடுபனி வந்து நாள் கெட்டது என்பதற்காகவோ இனாமைக் குறைக்கக் கூடாது.

இங்கேதான் எனக்கு வியப்பு. இந்த இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லையா? முதல் விதி பறவையை எண்ணுகிறது. இரண்டாம் விதி உழைப்பை எண்ணுகிறது. முதல் விதிப்படி இனாம் செத்த பறவைக்குக் கொடுக்கும் விலை. இரண்டாம் விதிப்படி, மழையில் நனைந்து கோதுமை இறைத்த ஓராண்டுக்குச் செலுத்தும் நன்றி. இரண்டாவதே உயர்ந்தது என்பது என் முடிவு.

எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு சான்று கூறும். 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், ஹால் பார்ன் என்னும் பண்ணையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் உடன் வந்தோருமாக ஏழு பேர் ஒரே நாளில் மூவாயிரத்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபெசன்டுகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். நாம் சற்று மிஞ்சிவிட்டோமோ என்று மன்னரே பின்னர் கருதினாராம். அந்தப் பழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. ராஜஸ்தானத்துப் பரத்பூரில், 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் சுட்டவை 4,273 பறவைகள். வலசை வந்த வாத்துகள் முதலியன. சென்ற குளிர்காலத்தில் எங்கள் துறையினருடன் அங்கே சென்றபோது, அக்கணக்குகளைப் பொறித்த கல்லைக் கண்டேன். தேதி உண்டு, வந்த பெருமக்கள் பெயர் உண்டு, துப்பாக்கிகளின் தொகை உண்டு, பறவைகளின் தொகை உண்டு. விடியற்குளிரில் தண்ணீரில் இறங்கிப் பறவைகளைக் கலைத்தவர் ஒருவர் பெயரும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இத்தகைய வேட்டைக்கு நம் நாட்டில் இடமில்லை. அது நல்லதே. பறவையைச் சுடுவதில் எனக்கும் விருப்பமில்லை. பிரிட்டனிலேயே அதை எதிர்ப்போர் பலர். ஆனால் கல்லில் பெயர் ஏறாத உழைப்பு வேட்டையோடு ஒழிந்துவிடவில்லை.

எங்கள் தஞ்சைப் பக்கத்தில், களத்து மேட்டில் நெல் அளக்கும்போது தலையாரிக்கும் நீர்ப்பாய்ச்சிக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் ஒரு பங்கு அளந்து ஒதுக்குவது பழைய வழக்கம். அந்தப் பங்குக்குப் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம்! ஏற்றத்தாழ்வு மலிந்த பழைய ஊரமைப்பை நான் போற்றவில்லை; அந்தச் சொல்லைப் போற்றுகிறேன். இனாம் கொடுப்பவர் மனம்போல் வருவது. சுதந்திரம் வாங்குபவர் உரிமையாய் வருவது. காவலர் கையில் மடிந்து ஏறும் அந்த நோட்டு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது உரிமையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்வரை கௌரவம். சம்பளத்துக்கு மாற்றாகிவிட்டால் பிச்சை.

நம் விடுதிக்கு வருவோம். ஆண்டு முடிந்து ஊருக்குப் புறப்படும் நாளில், அறை பெருக்குபவர் கண்ணில் படாத வேளை பார்த்துக் கிளம்பும் நண்பர்கள் உண்டு. பத்துப் பேர் பார்க்க நோட்டை நீட்டி, "பாயீ, வைத்துக்கொள்" என்று உரக்கச் சொல்லும் நண்பர்களும் உண்டு. இருவருக்கும் அந்த மாலைக் கைகுலுக்கல் நல்ல பாடம். நேரில் கண்டு, பெயர் சொல்லி, நன்றி கூறி, பிறர் காணாமல் கொடுக்க வேண்டும். சாம்பார் சுமாராயிருந்த மாதத்துக்காகக் குறைக்கக் கூடாது. எவ்வளவு என்று தெரியாவிட்டால் மூத்த மாணவரைக் கேட்கலாம்.

இத்தோடு கடமை முடிந்ததா என்றால், இல்லை. மெஸ்ஸில் அதிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுபவருக்கு ஒப்பந்தக்காரர் மாதக் கூலியை ஒழுங்காகத் தருகிறாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கூலி தவறினால் மெஸ் கமிட்டியில் எழுந்து பேச நம் சங்கத்தார் முன்வர வேண்டும். இனாம் நம் கை கொடுப்பது. கூலி அவர் கை ஈட்டியது. முன்னதைக் கொடுத்துவிட்ட பெருமிதத்தில் பின்னதை மறந்துவிடலாகாது.