ஆவடி, அம்பத்தூர் தோட்டங்களில் ரூபார்ப் வளருமா?

ரூபார்ப் குளிர்நாட்டுப் பயிர். இதன் புளிப்பான தண்டைச் சர்க்கரை சேர்த்து வேகவைத்து ஜாம் செய்வார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் இரேவல்சின்னி, இதே இனத்தைச் சேர்ந்த இமயமலைச் செடியின் உலர்ந்த வேராகும். அதை நட்டால் முளைக்காது.

குளிர்நாடுகளில் இதன் கிழங்கு பனிக்காலத்தில் உறங்கி, பின் மீண்டும் துளிர்க்கும். அதற்குப் பல வாரங்கள் 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைவான குளிர் தேவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். எனவே பல ஆண்டுப் பயிராக வைத்திருப்பது கடினம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விதை போட்டு ஒரு பருவப் பயிராக வளர்க்கிறார்கள். இங்கும் அம்முறையைச் சில செடிகளில் முயன்று பார்க்கலாம்.

விதைப்பு

விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, ஐப்பசியில் மழை படாத இடத்தில், பாலிதீன் பைகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றவேண்டும். ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளைக்கும். நாலைந்து இலைகள் விட்டதும், மழை ஓய்ந்த பின் மார்கழியில் நடலாம்.

நடவு

தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும். ஆகவே ஓரடி உயர மேட்டுப்பாத்தி அமைத்து, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பவேண்டும். இரண்டடி இடைவெளி போதும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள கிழக்குச் சுவரோரம் ஏற்றது. வேரடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் காயாது.

அறுவடை

பங்குனியில் தண்டுகளை அடியோடு பிடித்து, திருகி இழுக்கவேண்டும். குளிர்நாடுகளில் செடி வலுப்பெறுவதற்காக முதல் ஆண்டில் தண்டு எடுப்பதில்லை. இங்கே கோடையில் செடி பெரும்பாலும் பட்டுவிடும் என்பதால் மிச்சம் வைக்கத் தேவையில்லை. தண்டு மெலிந்து பச்சையாக இருந்தாலும் புளிப்புச் சுவை இருக்கும்.

எச்சரிக்கை

இலையைக் கீரையாகச் சமைக்கவே கூடாது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. முதல் உலகப்போர்க் காலத்தில் (1914–18) பிரிட்டனில் காய்கறிக்குப் பதிலாக இந்த இலையைத் தின்றவர்களில் சிலர் உயிரிழந்தனர். தண்டைப் பறித்தவுடனே இலையை நறுக்கி நீக்கிவிடவேண்டும். ஆடுமாடுகளுக்கும் போடக்கூடாது.

புளிப்புச் சுவைக்காக மட்டும் வளர்ப்போருக்குச் சுக்கான் கீரையே சுலபம். தெலுங்கு பேசுவோர் சுக்கக்கூரா என்று பருப்புடன் கடையும் இக்கீரை, ரூபார்ப் குடும்பத்தைச் சேர்ந்ததே. விதைத்த சுமார் ஆறு வாரத்தில் பறிக்கலாம்; இலை, தண்டு இரண்டும் உணவாகும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் இதையும் தவிர்ப்பது நல்லது.