மடியில் இடம் கேட்ட பிள்ளை

கோயிலிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கலைப் பாட்டி தொன்னைகளில் பங்கிடுகிறாள். நான்கு வயதுப் பேரன் தன் தொன்னையை ஒரு முறையும், அக்காளின் தொன்னையை மூன்று முறையும் பார்க்கிறான். "அவளுக்கு மட்டும் இரண்டு முந்திரியா?" என்று கேட்டுக் கண் கலங்குகிறான். பெரியவர்கள் சிரித்துவிடுகின்றனர். பெரும்பாலான வீடுகளில் அந்த வழக்கு அத்துடன் தள்ளுபடியாகிவிடுகிறது.

அதைச் சிரித்துத் தள்ளாமல் ஆராய்ந்தவர்களும் உண்டு. இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய ஏழு நாடுகளின் சிறுவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2015-ல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே அமர்த்தி, மிட்டாய்களைப் பங்கிட்டு வைத்தனர். பங்கை ஏற்பதா மறுப்பதா என்னும் உரிமை ஒரு பிள்ளைக்கு மட்டுமே. அது மறுத்தால் இருவருக்கும் எதுவும் கிடையாது. தனக்குக் குறைவாக வந்தபோது, உள்ளதும் போனாலும் சரியென்று மறுக்கும் போக்கு ஏழு நாட்டுப் பிள்ளைகளிடமும் காணப்பட்டது. தனக்கு அதிகமாக வந்தபோதும் "இது முறையன்று" என்று மறுத்தவர்கள் கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே தென்பட்டனர். அவர்களும் சற்று வளர்ந்த பிள்ளைகள். தனக்கு நேரும் அநீதியைப் பிள்ளை தானாகவே உணர்ந்துவிடுகிறது. தன் பக்கம் சாயும் தராசைக் கண்டு கூசும் மனம் பிறகே வருகிறது. எல்லா இடத்திலும் வந்துவிடுவதுமில்லை. இந்தியப் பெயர் அந்த மூன்றில் இல்லையே என்று முகம் சுளிப்பதைவிட, வீட்டில் யாருடைய தொன்னை எப்போதும் நிறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நலம்.

ஸ்ரீமத் பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்தில் இத்தகைய வழக்கு ஒன்று வருகிறது. வழக்காடியவன் ஐந்து வயது துருவன். தந்தை உத்தானபாத மன்னனின் மடியில் தம்பி உத்தமன் அமர்ந்திருக்கக் கண்டு, தானும் ஏற விழைந்தான். சிற்றன்னை சுருசி தடுத்தாள். தன் வயிற்றில் பிறவாதவனுக்கு அந்த இடம் இல்லை என்றாள். சொல் அம்பாய்த் தைத்தது. ஆயினும் கதையைக் கேட்போர் சுருசியையே ஏசிவிட்டு, அருகில் வாய்மூடி இருந்த மன்னனை எளிதில் மறந்துவிடுகின்றனர். பிள்ளை முறையிட்டது தந்தையின் மடியிடம். பதில் சொல்லவேண்டியவன் அவனே. பின்னாளில் நாரதர் வந்து வினவியபோது, அன்போடு மடியேற வந்த பிள்ளையை வரவேற்காமல் இருந்துவிட்டேனே என்று அம்மன்னன் புலம்புகிறான். அதற்குள் பிள்ளை காட்டுக்குப் போய்விட்டது.

அழுதுகொண்டே வந்த மகனைச் சுநீதி தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் செய்த முதற்காரியம் அதுவே. "ஒன்றுமில்லை, போய் விளையாடு" என்று அவள் சொல்லவில்லை. நடந்தது கொடுமை என்பதை மறைக்கவுமில்லை; மகனோடு சேர்ந்து தானும் அழுதாள். அதே மூச்சில், பிறருக்குத் தீங்கு நினையாதே, அரியின் திருவடியை நாடு என்று வழி காட்டினாள். புண்பட்ட பிள்ளையிடம் மாற்றாளைத் தூற்றுவது எத்தனை எளிது! அவள் அதைச் செய்யாதிருந்தது அவனுடைய வாழ்நாள் முழுவதற்கும் பயன்பட்டது.

வழியில் எதிர்ப்பட்ட நாரதரும் முதலில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: விளையாடும் வயதில் மானமென்ன, அவமானமென்ன? துருவன் பணிவோடு மறுத்தான். உபதேசம் நல்லதுதான், ஆனால் சிற்றன்னையின் சொல் துளைத்த நெஞ்சில் அது தங்கவில்லை என்றான். தேவரிஷி கோபிக்கவில்லை; பிள்ளையின் நோவை ஒப்புக்கொண்டு பன்னிரண்டெழுத்து மந்திரத்தை உபதேசித்து, யமுனைக் கரையிலுள்ள மதுவனத்துக்கு அனுப்பினார். ஆறு மாதத் தவமும் பெருமாளின் காட்சியும் அன்பர்கள் அறிந்தவை. ஊர் திரும்பிய துருவன் இரு தாயரையும் வணங்கினான். சுருசி அவனை வாரியெடுத்து வாழ்த்தினாள். உத்தமனும் அவனும் கண்ணீர் மல்கத் தழுவிக்கொண்டனர்.

சொற்பொழிவுகள் பெரும்பாலும் இங்கே மங்களம் பாடிவிடுகின்றன. பாகவதம் தொடர்கிறது.

வேட்டைக்குச் சென்ற உத்தமனை இமயத்தில் ஒரு யட்சன் கொன்றான். சுருசியும் மகன் போன வழியே போனாள். தனக்குக் கிட்டாத மடியில் அமர்ந்திருந்த அதே தம்பிக்காக, அரசனாகிவிட்ட துருவன் வில்லெடுத்து அளகாபுரிக்குப் போருக்குச் சென்றான். அநீதி கண்டு கொதிக்கும் நெஞ்சு மாறவில்லை. இம்முறை அது பிறனுக்காகக் கொதித்தது. ஆனால் கொதிப்பு எல்லை மீறியது. குற்றம் ஒருவனுடையது; துருவனின் அம்புகளோ யட்சர் கூட்டத்தையே மாய்க்கத் தொடங்கின. தன் சினம் நியாயமானது என்று உறுதியாக நம்பியவனிடம் அளவைக் கேட்க யார் துணிவார்?

துணிந்து வந்தவர் அவனுடைய பாட்டனார், சுவாயம்புவ மனு. முனிவர்களோடு போர்க்களத்துக்கே வந்து பேரனைத் தடுத்தார். தம்பியின்மேல் உனக்கிருந்த அன்பை அறிவேன். ஆயினும் ஒருவன் பிழைக்குக் குற்றமற்ற பலரைக் கொல்வது அரியின் அடியாருக்கு வழியன்று என்று எடுத்துரைத்தார். யட்சர் தலைவனான குபேரனைப் பணிந்து சமாதானம் கொள்ளும்படியும் சொன்னார். மடி மறுக்கப்பட்ட நாளில் வாய் திறவாத தந்தையையும், சினம் மூண்ட நாளில் தேடிவந்து பேசிய பாட்டனையும் ஒரே வரலாற்றில் வைத்திருக்கிறது பாகவதம்.

துருவன் எதிர்வாதம் செய்யவில்லை. அம்பை அடக்கிப் பாட்டனாரை வணங்கினான். அவன் சினம் தணிந்ததறிந்து குபேரனே நேரில் வந்து மகிழ்ந்து, வேண்டும் வரம் கேள் என்றான். செல்வத்துக்கெல்லாம் அதிபதியானவனிடம் துருவன் கேட்டது, அரியை ஒருபோதும் மறவாத நினைவு ஒன்றே.