கல்லின் கனமும் கப்ருவும்

சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுச் சாலையோரத்தில் கிடக்கும் கருங்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்த மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் இந்தப் பாறைதான். அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? கல்லின் நிறை அநேகமாக முழுவதும் அணுக்கருக்களில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களுடையது. புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள். ஆனால் அவற்றின் நிறையைக் கூட்டினால் நூற்றில் ஒரு பங்குதான் தேறுகிறது! மீதியெல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும், அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்திலும் அடைபட்ட ஆற்றல்.

இதற்கான சமன்பாட்டை ஒரே வரியில் எழுதிவிடலாம். காகிதத்தில் தீர்க்கத்தான் முடியவில்லை. 1974இல் இயற்பியலாளர் கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார். தேக்குத் தோப்பில் சம இடைவெளி விட்டுக் கன்று நடுவதைப்போல, வெளியிலும் காலத்திலும் புள்ளிகளை நட்டுவிடுவது. புள்ளிகளில் குவார்க்குகள், இரு புள்ளிகளுக்கு நடுவே குளுவான் புலம். திசைக்கு 32 புள்ளி என்று வைத்தால், நான்கு திசைகளுக்கும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள், நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 18 எண்கள். ஆக, ஏழரைக் கோடி எண்களைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுத வேண்டும்.

இந்தக் கணக்குக்காகவே சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் ஒரு கணினித் தொகுப்பைக் கட்டினார்கள். இமயச் சிகரம் ஒன்றின் பெயரால் அதற்குக் கப்ரு என்று பெயர். கடையில் கிடைக்கும் ஸியான் சில்லுகள் இரண்டிரண்டாகப் பொருத்திய 144 கணினிகள். 2004இல் உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் அது இடம்பிடித்தது.

என்னை வியக்கவைப்பது அதன் வேகத்தைவிட அதன் வடிவம். ஒவ்வொரு கணினியும் முன்பின், இடவலம், மேல்கீழ் என்று பக்கத்துக் கணினிகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. குளுவான் புலமும் அப்படித்தான்: ஒரு புள்ளியில் நடப்பதை அறிய அண்டைப் புள்ளிகளை மட்டும் கேட்டால் போதும். இயற்கை பேசும் முறையிலேயே கம்பி இழுத்திருக்கிறார்கள். கேள்வியை அறிந்தவர்களே கருவியையும் கட்டியதால் வந்த அழகு இது.

கப்ருவில் என். டி. ஹரிதாஸும் புஷன் மஜும்தாரும் ஆராய்ந்தது, குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் விலக்கினால் நடுவிலுள்ள புலம் என்ன ஆகிறது என்பதை. அது பரவிக் கரையாமல் குழாயாக ஒடுங்கி, அதிரும் கம்பியைப்போல் நடந்துகொள்வதை 2006இல் வெளியிட்டார்கள். புரோட்டானின் அகலமளவே உள்ள தொலைவில் நடக்கும் இழுபறி அது. அதன் விசை ஏறத்தாழ 15 டன் எடைக்குச் சமம்.