நத்தையாரை வேலைக்கு வைக்குமுன்...

வரவேற்பறை மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு குட்டிக் கடல்! பவளங்கள் பூப்போல விரிகின்றன. நீல மீனும் மஞ்சள் மீனும் அவற்றினூடே கண்ணாமூச்சி ஆடுகின்றன. வந்தவர்கள் எல்லோரும், "அடடா, என்ன அழகு!" என்று மூக்கில் விரலை வைக்கிறார்கள்.

அந்த அழகைக் காப்பாற்றும் பாடு வீட்டுக்காரிக்கல்லவா தெரியும்? தொட்டி வைத்துச் சில வாரங்களில், மணலின்மேல் காப்பிப் பொடி தூவினாற்போல ஒரு பழுப்புப் படலம் படிகிறது. பிறகு கண்ணாடியில் பச்சைப் பூச்சு. அதற்கும் பிறகு, கற்களில் தலைமயிர் போன்ற நீளப் பாசி. இன்று துடைத்தால் நாளைக்கு மறுபடியும் முளைக்கும். விட்டுவிட்டாலோ, பவளத்தின்மேலேயே ஏறி அதை மூடிவிடும்!

இந்தச் சமயத்தில் கை கொடுப்பவர்தான் நத்தையார். அவருடைய நாக்கு சாதாரண நாக்கல்ல. வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள் பதித்த அரம்! தேங்காய் துருவுவது போலப் பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டே ஊர்ந்து போவார். சம்பளம் கிடையாது, லீவும் கேட்க மாட்டார்.

அப்படியானால் ஒரு டஜன் வாங்கிப் போட்டுவிடலாமா? பொறுங்கள்! நத்தைகளிலும் ரகம் பல. ஒருவர் செய்கிற வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார்.

யாருக்கு எந்த வேலை?

முதல் மரியாதை டிரோக்கஸுக்கு. கோபுரம் போன்ற ஓடு. கண்ணாடி, கல் இரண்டையும் சுத்தம் செய்வார். இவருடைய பெரிய விசேஷம், தவறி மல்லாந்து விழுந்தாலும் தாமே புரண்டு எழுந்துவிடுவதுதான். இந்த வம்சத்துப் பெரியவர்களின் ஓட்டிலிருந்துதான் ஒரு காலத்தில் பளபளக்கும் சட்டைப் பித்தான்கள் செய்தார்கள்!

ஆஸ்ட்ரியாவும் நல்ல உழைப்பாளிதான். ஆனால் விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. நீங்கள் பார்த்துத் தூக்கிவிடாவிட்டால் கிடந்தபடியே உயிரை விட்டுவிடும்.

டர்போ பெரிய சாப்பாட்டு ராமன். நீளப் பாசிக்கு இவரை விட்டால் ஆளில்லை. ஆனால் முரட்டு உடம்பு; சரியாக ஒட்டாத பவளத்தை உருட்டித் தள்ளிவிடுவார். சிறிய தொட்டிக்கு லாயக்கில்லை.

செரித், ஊசி போன்ற கூர் ஓட்டுக்காரர். பகலில் மணலில் புதைந்திருந்து, இரவில் வேலைக்குப் புறப்படுவார். மணலின் பழுப்புப் படலம் இவர் பொறுப்பு.

நஸ்ஸாரியஸ் பாசியைத் தொடவே தொடாது. மீன் தின்று மிஞ்சிய இரைதான் இதற்கு வேண்டும். மணலுக்குள்ளிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரை விழுந்த வாசனை வந்ததோ இல்லையோ, குபீரென்று கிளம்பி வரும்!

நெரைட் கண்ணாடியைப் பளிச்சென்று வைக்கும். ஆனால் எள் தூவினாற்போல வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். சுரண்டி எடுப்பது சிரமம். தண்ணீரை விட்டு வெளியே ஏறுகிற சுபாவமும் உண்டு. தொட்டிக்கு மூடி அவசியம்.

இவர்கள் வேண்டாம்

மார்கரிட்டா குளிர்ந்த கடலில் பிறந்தது. 25, 26 டிகிரிச் சூட்டில் அதிக நாள் தாங்காது. மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட பம்பிள்பீ பார்க்க அழகு. ஆனால் மாமிச பட்சிணி, மணலில் வாழும் நல்ல புழுக்களைத் தின்றுவிடும். கூம்பு நத்தையோ விஷ ஊசி உள்ளது. அதில் ஓர் இனம் மனிதரையே கொல்லும். ஆகவே, கடற்கரையில் கண்ட நத்தையைப் பொறுக்கி வந்து தொட்டியில் போடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்கா. பவளங்களும் சில சங்கு, நத்தை இனங்களும் நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

அழைத்து வரும் முறை

கடைத் தண்ணீரிலிருந்து எடுத்து நேரே தொட்டியில் போடக் கூடாது. உப்பின் அளவு திடீரென்று மாறினால் நத்தை தாங்காது. ஒரு பாத்திரத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். மீன் வியாதிக்குப் போடும் தாமிர மருந்து நத்தைக்கு எமன் என்பதும் நினைவிருக்கட்டும்.

எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். 100 லிட்டர் தொட்டிக்கு நாலைந்து பேரில் ஆரம்பித்தால் போதும். கூட்டம் சேர்ந்தால் பாசி தீர்ந்துவிடும், பிறகு பட்டினி. நத்தை பட்டினியால் சாவது யாருக்கும் தெரியாது. கூப்பிட அதற்குக் குரல் ஏது? கண்ணில் படாமல் அழுகும் அந்தச் சிறு உடல் தண்ணீரைக் கெடுத்து, சின்னத் தொட்டியில் பவளத்துக்கும் மீனுக்கும்கூட ஆபத்தாய் முடியலாம். பாசி குறைந்தால், காய்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டு கொடுங்கள். இரண்டு நாள் அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பாருங்கள். துர்நாற்றம் வீசினால் உடனே அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்று. நத்தை பாசியைத் தின்னும். பாசி வருவதற்கான காரணத்தைத் தின்னாது! இரையை அளவோடு போடுவதும், தண்ணீரைத் தவறாமல் மாற்றுவதும் நம் வேலைதான்.

ஒரு வரன் வந்தால் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! நத்தை வாங்கும்போதும் மூன்றே கேள்வி கேளுங்கள்: சொந்த ஊர் எது? சாப்பாடு என்ன? விழுந்தால் எழுந்திருக்குமா? பதில் திருப்தியாக இருந்தால், தாராளமாக வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.